கொல்லிமலை ஏறும்முன் ஒரு மாத்திரை

காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். பஸ்ஸில் வருகிறவர்கள் மனசைத் திடப்படுத்திக்கொள்கிற இடம். இதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருப்பார்கள். பதினைந்தாவது வளைவு வரை வேடிக்கை பார்ப்பீர்கள். இருபத்தைந்தில் பேச்சு நிற்கும். நாற்பது வரும்போது யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? வண்டி ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஒரு ஆவோமின் மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டிருக்கிறேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். ஆனால், அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படித்திருக்கிறீர்களா? புரோமெதசின் என்று ஒரு பெயர் இருக்கும். நாம் பஸ்ஸில் வாந்தி எடுக்காமலிருக்கப் போட்டுக்கொள்கிற இந்தச் சாதாரண வஸ்துதான், மனநோய்க்கென்று உலகத்தில் வந்த முதல் நவீன மருந்தின் அண்ணன். கூடப்பிறந்த அண்ணன் என்றே சொல்லலாம். ஒரே கம்பெனி, ஒரே விஞ்ஞானி, ஒரே ரசாயனக் குடும்பம்.

அந்தக் குடும்பத்துக் கதைதான் இந்த வாரம். கொஞ்சம் பயமான கதை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அதற்கு முன்னால், என் சித்தப்பா பையன் கழுத்து திருகிக்கொண்ட சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1990களின் நடுவில் ஒரு ஆடிப் பதினெட்டு. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, வழியெல்லாம் பலாப்பழமும் மலைவாழையும் என்று குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிவிட்டு ராசிபுரம் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தம்பிக்கு அப்போது 16 வயசு. எதையெதையோ வாங்கித் தின்றிருக்கிறான். ராத்திரி முழுக்க வாந்தி. விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஒரு ஊசி. வாந்தி நின்றுவிட்டது. ஆளும் தெம்பாகிவிட்டான்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பினான். திருப்பினான் என்பதே தப்பு. அது தானாகத் திரும்பியது. கண் இரண்டும் மேலே செருகி, வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. வாய் கோணி, நாக்கு வெளியே வந்து நின்றது. பேச முடியவில்லை. ஆனால் நினைவு தப்பவில்லை, அதுதான் கொடுமை. நாங்கள் பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கிறது. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிகிறது.

அப்பத்தா ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "மலையில பாவை பாத்துட்டாடா கண்ணு. அருவிப் பக்கம் தனியா போகாதேன்னு சொன்னேன்ல?"

கொல்லிப்பாவையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். மலையைக் காக்கத் தெய்வம் செய்து வைத்த பெண் உருவம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கிட்டே வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிப்பில் மயங்கினவன் செத்தான். இரண்டாயிரம் வருஷமாக அந்த மலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற நம்பிக்கை. கழுத்து திருகிய ஒரு பையனைக் கண்முன்னால் பார்க்கும்போது, எங்கள் அப்பத்தாவுக்கு அதுதானே ஞாபகம் வரும்?

வேப்பிலை வந்தது. விபூதி வந்தது. பூசாரியைக் கூட்டி வர ஆள் போனது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நல்லவேளையாக, தெருக்கோடியில் ரிட்டயர்ட் நர்ஸ் ஒருவர் இருந்தார். கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். "காலையில ஏதாச்சும் ஊசி போட்டீங்களா?"

பிறகு அரசு ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் பையனைப் பார்த்தார், கிளினிக் சீட்டைப் பார்த்தார். கையில் ஒரு ஊசி போட்டார். 20 நிமிஷம் ஆகியிருக்கும், கழுத்து நேராகிவிட்டது. அவன் முதலில் சொன்ன வார்த்தை, "பசிக்குதும்மா."

காலையில் போட்ட ஊசி புரோகுளோர்பெரசின். வாந்திக்குக் கொடுக்கிறார்களே தவிர, அதுவும் மனநோய் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ராத்திரி அதை முறித்த ஊசி எது தெரியுமா? புரோமெதசின். நம் பஸ் மாத்திரை! தம்பி செய்த கலாட்டாவை அண்ணன் வந்து தீர்த்து வைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர வேறு எந்த ரசாயனமும் எனக்கு ஏறாது. பத்திரிகைக்கு வந்த பிறகு வேறு எதற்கோ படிக்கும்போதுதான் இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரி, குடும்பக் கதைக்கு வருவோம்.

1949. டுனீஷியாவில் பிசெர்ட் என்ற துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படை ஆஸ்பத்திரி. அங்கே ஹென்றி லபோரி என்று ஒரு சர்ஜன். ஆபரேஷன் செய்தால் சிலர் அதிர்ச்சியிலேயே போய்விடுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கவலை. அலர்ஜிக்காக ரோன்-பூலாங்க் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தயாரித்திருந்த புரோமெதசினைக் கொடுத்துப் பார்த்தார். அதிர்ச்சி ஒருபக்கம் இருக்கட்டும், நோயாளிகளிடம் வேறு ஏதோ நடந்தது. வலி, பயம் எதுவும் இல்லாமல் அமைதியாகப் படுத்திருந்தார்கள். மயக்கமும் இல்லை, கூப்பிட்டால் பதில் சொன்னார்கள். ஆனால் எதைப் பற்றியும் கவலை இல்லை.

இன்னும் கொஞ்சம் பலமான மருந்து கிடைக்குமா என்று பலரும் தேட, அந்தக் கம்பெனியின் ரசாயன விஞ்ஞானி பால் ஷார்பான்டியே 1950 டிசம்பரில் ஒரு புதுச் சேர்மத்தைச் செய்து கொடுத்தார். அதே புரோமெதசின் எலும்புக்கூடு. கொஞ்சம் வால் மாற்றம், கூடவே ஒரு குளோரின் அணு. குளோர்புரோமசின் பிறந்தது. 1952-ல் பாரிஸ் சான்ட் ஆன் மனநல ஆஸ்பத்திரியில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

அதுவரைக்கும் மனநோய்க்கு என்ன வைத்தியம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? இன்சுலின் போட்டுக் கோமாவில் தள்ளுவது. மயக்க மருந்து கொடுக்காமலே ஷாக் வைப்பது. மண்டையில் துளை போட்டு மூளை நரம்புகளை அறுப்பது. இந்தக் கடைசி வைத்தியத்துக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்! எதற்கும் அடங்காதவர்களுக்குச் சங்கிலி. அந்த நிலைமையில், ஒரு ஊசி போட்டால் சில நாட்களில் கூச்சல் நிற்கிறது, காதில் கேட்கும் குரல்கள் ஓய்கின்றன, ஆள் உட்கார்ந்து பேசுகிறார் என்றால்? வார்டுகளின் சத்தமே மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டே வருஷத்தில் அமெரிக்கா. 1950களிலேயே இந்தியா. நம் சென்னையில் 1794-ல் வாலன்டைன் கொனாலி என்ற கம்பெனி சர்ஜன் ஆரம்பித்து, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய ஆஸ்பத்திரிக்கும் அந்த மருந்து வந்தது. 1961-ல் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்த டாக்டர் சாரதா மேனன், அடைத்து வைக்கிற இடத்தை வைத்தியம் பார்க்கிற இடமாக மாற்ற முடிந்ததற்கு இந்த மாத்திரைகளும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. சொல்லாமல் விட்டால் நமக்கு நாமே துரோகம் செய்த மாதிரி.

பிரெஞ்சுக்காரர்களுக்கு 20 வருஷம் முன்னாலேயே, 1931-ல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஒரு இந்திய மூலிகை கேட்கிறது என்று. மூலிகையின் பெயர் சர்ப்பகந்தி. வடக்கே இதை விற்கும்போதே 'பைத்திய மருந்து' என்று சொல்லித்தான் விற்பார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் ரத்தக் கொதிப்புக்கு அது வேலை செய்வதை லண்டன் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைத் தனியே பிரித்தது. இரண்டு வருஷம் கழித்து நேதன் க்ளைன் என்ற அமெரிக்க டாக்டர் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கினார்.

கொல்லிமலையில் மூலிகை விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இங்கிலீஷ் மருந்து மாதிரி இல்லீங்க, மூலிகைக்கு சைடு எஃபெக்டே கிடையாது" என்பார்கள். சித்தர்கள் நடமாடிய மலை, மறுத்துப் பேச நமக்கும் மனசு வராது. ஆனால் ரெசர்பின் சுத்தமான மூலிகைச் சரக்குதானே? அதைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு கை நடுங்கியது, உடம்பு விறைத்தது, சிலர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார்கள். இலை தழையிலிருந்து வந்தாலும் சரி, ஃபேக்டரியிலிருந்து வந்தாலும் சரி, மூளைக்குள் போய் வேலை செய்கிற எதுவும் வேறு எதையும் தொடாமல் வராது.

ஏன் நடுங்கியது என்பதையும் அந்த வேர்தான் சொல்லிக் கொடுத்தது. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா என்ற மருந்தைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் காதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. 1957-ல் வெளியான இந்த ஆராய்ச்சியிலிருந்துதான், டோபமின் என்ற வேதிப்பொருள் இல்லாவிட்டால் உடம்பின் அசைவே நின்றுவிடும் என்று தெரிந்தது. 2000-ல் கார்ல்சனுக்கு நோபல்.

இப்போது முடிச்சு அவிழ்ந்துவிடும். மூளையில் டோபமின் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை. ஒரு பாதையில் அதன் ஆட்டம் அதிகமானால் இல்லாத குரல் கேட்கும், இல்லாத எதிரி தெரிவான். இன்னொரு பாதையில் அதுதான் கை, கால், கழுத்து, கண் எல்லாவற்றின் அசைவையும் சீராக வைக்கிறது. மருந்து முதல் பாதையை அடைக்கப் போகிறது. ஆனால் அதற்கு விலாசம் தெரியாது. இரண்டாவது பாதையையும் சேர்த்து அடைக்கிறது. கழுத்து திருகுகிறது. கண் செருகுகிறது. டாக்டர்கள் இதை டிஸ்டோனியா என்கிறார்கள்.

யாருக்கு அதிகம் வரும்? இங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வயது ஏற ஏற இந்த ஆபத்து குறைகிறது. அதிகம் மாட்டுவது பதின்வயதுப் பிள்ளைகளும் இளைஞர்களும், அதிலும் பையன்கள், அதிலும் முதல் முறையாக இந்த மருந்தைப் பார்க்கிற உடம்பு. பெரும்பாலும் முதல் நாலைந்து நாட்களுக்குள் வந்துவிடும். கொடுமை என்னவென்றால், ஸ்கிஸோஃப்ரீனியா போன்ற பெரிய மனநோய்கள் தலைகாட்டுவதும் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். நோய் வருகிற வயதும் மருந்து அதிகமாக முறைக்கிற வயதும் ஒன்றாக அமைந்துவிட்டது.

1950களின் டாக்டர்களே இதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். வலிப்பு என்றார்கள், டெட்டனஸ் என்றார்கள், ஹிஸ்டீரியா, நடிக்கிறான் என்றும் சொன்னார்கள். எங்கள் அப்பத்தா பாவை என்றார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 'பேய் பிடித்திருக்கிறது' என்று மாதக்கணக்கில் கோயில் கோயிலாகச் சுற்றிய ஒரு குடும்பம், யாரோ எடுத்துச் சொல்லி, கடைசியில் ஒரு டாக்டரிடம் வருகிறது. ஹாலோபெரிடால் ஊசி போடுகிறார்கள். (பெல்ஜியத்தின் பால் ஜான்சன் 1958-ல் கண்டுபிடித்தது. விலை குறைவு, வேகம் அதிகம், அதனால் எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கும்.) மறுநாள் பையன் கழுத்து திருகி, நாக்கு வெளியே தள்ளி நிற்கிறான். அந்த அம்மா என்ன முடிவுக்கு வருவார்? 'ஊசி போட்டதும் பேய் வெளியே தெரியுது பாரு!' அதற்கப்புறம் அந்தக் குடும்பம் டாக்டர் வாசலை மிதிக்குமா? பயப்பட வேண்டாம், இப்படி ஆகலாம், ஆனால் ஒரே ஊசியில் சரியாகிவிடும் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் மறுபடி பூசாரியிடமே போயிருப்பார்கள் என்பதற்கு எந்த ரிஜிஸ்தரிலும் கணக்கு இல்லை. அபூர்வமாகக் குரல்வளைத் தசையே இறுகி மூச்சை அடைப்பதும் உண்டு. அப்போது பூசாரி வர மூன்று மணி நேரமெல்லாம் காத்திருக்க முடியாது.

இதில் நம்மூருக்கு ஒரு பெருமை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.! வெறியோடு வருகிற மனநோயாளியை அவசரமாக அமைதிப்படுத்த எந்த ஊசி நல்லது? உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலூர் டாக்டர்கள் ஹாலோபெரிடாலையும் நம் புரோமெதசினையும் சேர்த்துப் போட்டு, வேறு மருந்துகளோடு முறையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முதல் ஆய்வில் 200 பேர். 2007-ல் வந்த இரண்டாவதில் 300 பேர். ஜோடி மருந்து நன்றாக வேலை செய்தது, கழுத்துத் திருகலும் பயப்படும் அளவுக்கு இல்லை. அதே 2007-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு வந்தது. அங்கே ஒரு கோஷ்டிக்கு ஜோடி, இன்னொரு கோஷ்டிக்கு ஹாலோபெரிடால் மட்டும். தனியாகப் போட்டவர்களில் வரிசையாகச் சிலருக்கு டிஸ்டோனியா வந்ததால், ஆய்வை முடிக்காமல் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். தம்பியைத் தனியாக அனுப்பாதே, அண்ணனைத் துணைக்கு அனுப்பு என்கிற விஷயம் இப்படித்தான் நிரூபணமானது. விலை உயர்ந்த புது மருந்து எதுவும் இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அலமாரியில் கிடக்கிற இரண்டு பழைய ஊசிகள்.

*

கழுத்து திருகுவது பார்க்கத்தான் பயங்கரம். உண்மையான பயங்கரம் வேறு. அது சத்தம் போடாமல் காய்ச்சல் வேஷத்தில் வரும்.

1960-ல் அதே பாரிஸ் டாக்டர் டிலேயும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். இந்த மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டையாக விறைப்பு, வியர்வை, நினைவுத் தடுமாற்றம், ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, உயிர் போகிறது என்று. அவர்கள் வைத்த பெயரில் 'கொடிய' என்ற அர்த்தம் வரும் சொல்லே இருக்கிறது. நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். மருந்தைக் கொண்டாடிய அதே ஆட்கள்தான் இதையும் முதலில் எழுதினார்கள் என்பதற்காக அவர்களுக்கு ஒரு சல்யூட். தன் கண்டுபிடிப்பின் குற்றப்பத்திரிகையைத் தானே எழுதுவது எல்லோருக்கும் வராது.

இது அபூர்வம். இன்றைய கணக்குகள் பத்தாயிரம் பேரில் ஓரிருவர் என்கிற அளவில் சொல்கின்றன. பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு வாரங்களில், அல்லது டோஸை வேகமாக ஏற்றும்போது வரும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருந்தால் ஆபத்து கூடும். பெரியவர், சிறியவர் பேதமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம். முதல் வைத்தியம், அந்த மருந்தை உடனே நிறுத்துவது. பிறகு ஐ.சி.யூ., குளிர்ச்சி, சலைன், தசை எவ்வளவு சிதைந்திருக்கிறது, கிட்னி தாங்குமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை.

பிரச்னை, கண்டுபிடிப்பதில்தான். மலை கிராமத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன நினைப்போம்? மலேரியா. டைஃபாய்டு. மூளைக்காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'மத்த மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே' என்று மனநோய் மாத்திரையையும் கவனமாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். அக்கறைதான். அந்த அக்கறையே எமனாகிவிடும். காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து வந்தால், கீழே நாமக்கல்லுக்கு உடனே இறங்கியாக வேண்டும். 70 வளைவும் அப்போது கணக்கில் வரக்கூடாது. முதலில் பார்க்கிற டாக்டரிடம், 'இவன் இன்ன மாத்திரை சாப்பிடுகிறான்' என்று அட்டையை நீட்ட வேண்டும். பல வீடுகளில் இதைத்தான் மறைப்பார்கள். வெட்கம்.

நாங்கள் காமர்ஸில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று படிப்போம். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். பேலன்ஸ் ஷீட்டின் உள்ளே வராது. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பாக இருக்கும். கம்பெனி திவாலாகும்போதுதான் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பைத் தேடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பொடி எழுத்து பெரிய எழுத்தான ஒரு சமயமும் உண்டு. குளோஸபின் என்று ஒரு மருந்து. சுவிட்சர்லாந்தில் வாண்டர் கம்பெனியில் பிறந்தது. கை நடுக்கமோ கழுத்துத் திருகலோ அனேகமாக வராது. நடுக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பிய காலம் அது! அதனால் முதலில் யாரும் நம்பவே இல்லை. ஒருவழியாக ஐரோப்பாவில் பரவி, 1975-ல் பின்லாந்துக்குப் போனது. சில மாதங்களில் பலருக்கு ரத்த வெள்ளை அணுக்கள் சரிந்தன. நோய் எதிர்ப்பு சக்தி போய் எட்டு பேர் இறந்தார்கள். மருந்தைப் பல நாடுகளில் வாபஸ் வாங்கினார்கள்.

அத்தோடு செத்திருக்க வேண்டிய மருந்து. சாகவில்லை. வேறு எதற்கும் மசியாத நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அது கேட்கிறது என்று 1988-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அடுத்த வருஷம் நிபந்தனையோடு அனுமதி. வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளை அணுவை எண்ண வேண்டும், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அடுத்த வாரத்து மாத்திரை. காலப்போக்கில் இந்தக் கெடுபிடி தளர்ந்து, 2025-ல் கட்டாயப் பதிவேட்டு முறையை அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை, அது இன்னும் உண்டு. சின்ன வயதுப் பிள்ளைகள் குளோஸபின் எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அது வெறும் ஜலதோஷம் என்று விட்டுவிடக் கூடாது என்பதும் அப்படியே இருக்கிறது.

1990களில் வந்த புது மருந்துகள், ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின் வகையறா, கழுத்தைத் திருகுவது குறைவு. 'பாதுகாப்பானது' என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு தாராளமாக எழுதினார்கள். 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. முதல் முறையாக இந்த மாத்திரை எடுத்த 272 பிள்ளைகள், வயது 4 முதல் 19. சுமார் மூன்றே மாதத்தில் ஒலான்ஸபின் எடுத்தவர்கள் சராசரியாக எட்டரை கிலோ ஏறியிருந்தார்கள். ரிஸ்பெரிடோன் ஐந்து கிலோவுக்கு மேல். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நோயைவிட மாத்திரைதான் எதிரி என்பாள். அவள் ரகசியமாகத் துப்பிவிடுவதற்குக் காரணம் பைத்தியம் அல்ல, கண்ணாடி.

ரிஸ்பெரிடோன் எடுத்த சில பையன்களுக்கு மார்பு வளர்ந்தது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் வருகிற விளைவு. ஸ்கூலில் சட்டையைக் கழற்ற முடியாத பையனின் நிலைமையை யோசியுங்கள். அங்கே கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி, அனுமதி இல்லாத உபயோகங்களுக்கு மருந்தை விற்றதாக எழுந்த வழக்குகளை முடித்துக்கொள்ள 220 கோடி டாலருக்கு மேல் கட்டியது. இந்த மருந்து அதில் முக்கியமானது. 2019-ல் ஒரே ஒரு இளைஞனுக்காக பிலடெல்பியா ஜூரி 800 கோடி டாலர் அபராதம் போட, அடுத்த வருஷமே நீதிபதி அதை 68 லட்சம் டாலராகக் குறைத்தார். நம்மூரில்? 'டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிங்க கேக்கறது' என்பதோடு முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அப்படி நீங்கள் செய்தால் இந்தக் கட்டுரை எழுதியதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும். மாத்திரை இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. காப்பகம் என்ற பெயரில் ஒரு கொட்டகை. விடிவதற்கு முன் தீ. சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர். டெபிட் பக்கம் மட்டும் பார்த்துக் கணக்கை மூடக்கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். நிறுத்துவதோ மாற்றுவதோ எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான். விதிவிலக்கு, காய்ச்சலோடு விறைப்பு. அப்போது அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முதல் வாரத்தில் கழுத்து, கண் ஏதாவது ஆகுமா? ஆனால் எங்கே ஓட வேண்டும்? எடை, சர்க்கரை எப்போது பார்க்க வேண்டும்? ரத்தம் எப்போது எடுக்க வேண்டும்? நாலே கேள்விகள். மருந்து ஒத்துக்கொள்ளாததைப் புகார் செய்ய நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. 2010-ல் மத்திய அரசு ஆரம்பித்த மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. மனசு சம்பந்தப்பட்ட எதற்கும் 2022-லிருந்து 14416.

தம்பிக்கு இன்றைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அவன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போனோம். காரவள்ளியில் வண்டியை நிறுத்தி, பர்ஸிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். அன்றைக்கு அந்த டியூட்டி டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது. இன்ன ஊசி இவனுக்கு ஒத்துக்கொள்ளாது, போடக் கூடாது என்று. சித்தி அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். மகள் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது 16.

"அப்பா, இந்த லெட்டர் என்ன? ப-வா, ம-வா?"

"ப. புரோகுளோர்பெரசின்" என்றான் அவன். மனப்பாடம். பிறகு ஆளுக்கொரு ஆவோமினைப் போட்டுக்கொண்டு ஏறினோம்.